மோயாமோயா: அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் செய்ய வேண்டியவை

ஸ்கேன் அறிக்கையில் 'மோயாமோயா' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். என் மகளுக்கு இந்த நோய் இருப்பது ஐந்து வயதில் தெரியவந்தது. இப்போது ஒன்பது வயது. தலையின் இரண்டு பக்கமும் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது ஆபரேஷன் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஆனால் அவர் பார்ப்பது பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் குழந்தை நம் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை.

நோயை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ள

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் உண்டு. அவை மண்டைக்குள் போய்க் கிளை பிரியும் இடத்தில் வரவரக் குறுகிக்கொண்டே போவதுதான் மோயாமோயா. பெரிய வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் சின்னச் சின்ன ஓடையாகப் பிரிந்து வழி தேடும் இல்லையா, அதுபோல மூளையின் அடிப்பகுதியில் மெல்லிய குழாய்கள் வலையாக முளைக்கின்றன. ரத்தக் குழாய்களை மட்டும் எடுத்துக்காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தில் அது புகை மாதிரித் தெரியும். ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தகாகுவும் 1969-ல் அந்தப் புகைமூட்டத்தைக் குறிக்கும் தங்கள் மொழிச் சொல்லையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள்.

ஜப்பான், கொரியா நாடுகளில் அதிகம், நம் பக்கம் அரிது. குழந்தைகளில் ஐந்து வயதை ஒட்டித்தான் அதிகமாகத் தெரியவரும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. டவுன் சிண்ட்ரோம், சிக்கிள் செல் ரத்தசோகை, நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 ஆகிய பிறவி நோய்கள் உள்ள குழந்தைகளுக்கும், தலைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே மாதிரிக் குழாய்கள் சுருங்குவதுண்டு. ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2011-ல் தெரியவந்தது. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதாலோ, யார் கண்ணோ பட்டதாலோ இது வரவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு மாதம் முழுக்க அந்தக் குற்ற உணர்ச்சியில் கழித்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

வீட்டில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் மூச்சு. குழந்தை விம்மி விம்மி அழும்போதோ எதையாவது வேகமாக ஊதும்போதோ ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இது எல்லாருக்கும் நடப்பதுதான், மற்றக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். நம் குழந்தைக்கு ரத்தம் ஏற்கெனவே இழுபறியாகத்தான் போகிறது. அதனால் அந்த நேரத்தில் கை தொங்கும், பேச்சு குழறும், முகம் கோணும். உடம்பில் நீர் குறைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான்.

'சரியாப் போச்சே' என்று விட்டுவிடாதீர்கள்

என் மகள் சாப்பிடும்போது கரண்டியைக் கீழே போடுவாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி எடுத்துச் சாப்பிடுவாள். அடம் என்றார்கள், கவனக்குறைவு என்றார்கள். நாங்களும் நம்பினோம். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் ஃபிட்ஸாக (வலிப்பாக) இருக்கலாம் என்று, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எழுதிக் கொடுத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி, ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அவளுக்கு அது விளையாட்டு. மூன்று நிமிடம் விடாமல் ஊதினாள். காற்றாடி சுற்றி நின்ற கொஞ்ச நேரத்தில் வலது கை மடியில் சரிந்தது. "அம்மா, கை எங்க போச்சு?" என்று கேட்டாள். அதைப் பார்த்த டெக்னீஷியன் அம்மாதான் உள்ளே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். அங்கிருந்து எம்.ஆர்.ஐ., அங்கிருந்து இந்தப் பெயர்.

இதில் இரண்டு பாடம் உண்டு. மோயாமோயா என்று சந்தேகம் இருந்தாலே, ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது ஊதச் சொல்லும் பகுதி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, வந்து போன பலவீனம் போய்விட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அது எச்சரிக்கை. அடுத்த முறை போகாமலேயே நின்றுவிடலாம், அதற்குப் பெயர்தான் பக்கவாதம்.

ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், எந்தக் கை, எந்தக் கால், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன நடந்தது (அழுதாளா, ஓடினாளா, வெயிலில் நின்றாளா, தண்ணீர் குடித்தாளா) என்று எழுதுங்கள். முடிந்தால் வீடியோ எடுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி என்றால் அதையும் எழுதுங்கள், இந்த நோயில் அது சாதாரணமாக வருவது. ஒருமுறை வலது பக்கம், அடுத்த முறை இடது பக்கம் என்று மாறி வந்தால் டாக்டரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். எங்கள் டாக்டர் ஸ்கேன் படத்துக்கு அடுத்து அதிக நேரம் பார்த்தது அந்த நாற்பது பக்க நோட்டைத்தான்.

திடீரென்று வந்தால்

குழந்தையைச் சமமாகப் படுக்க வையுங்கள். சுற்றி நின்று கத்துகிறவர்களை வெளியே அனுப்புங்கள், பயந்து அழுதால் இன்னும் மோசமாகும். மணியைப் பாருங்கள். பிறகு மூன்றே சோதனை: சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று தப்பினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் அதே எண்தான். தெளிவாகப் பேசி, சிரமமில்லாமல் விழுங்க முடிந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம். வாய் கோணியிருந்தாலோ மயக்கமாக இருந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஆஸ்பிரினை நீங்களாகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வழியிலேயே சரியாகிவிட்டாலும் வண்டியைத் திருப்பாதீர்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, இதெல்லாம் வேண்டாம்.

அவசரப் பிரிவில் இருக்கிற டாக்டர் இந்த நோயைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. அதனால் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வையுங்கள். நோயின் பெயர், குழந்தையின் எடை, சாப்பிடும் மருந்துகள், நடந்த ஆபரேஷன், கூடவே நீர்ச்சத்து குறையக் கூடாது, ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக் கூடாது, வலியும் அழுகையும் கூடாது என்ற வரிகள் அதில் இருக்க வேண்டும்.

எங்கே போவது

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் இறங்கினால் ஜிப்மர், மத்திய அரசின் பெரிய மருத்துவமனை. குழந்தைகள் மருத்துவம், நரம்பியல், நரம்பு அறுவை மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும், ஆகவே குழந்தைக்குச் சாப்பாடு, தண்ணீர், தொப்பி, குடை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர் ஒருவர், குழந்தையோடு நிழலில் இருப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் போவது நல்லது. இரண்டாவது கருத்துக் கேட்க நினைத்தால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆகியவை நரம்பு அறுவையில் பேர்பெற்ற இடங்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த நோய்க்குக் குழந்தைகளுக்கு இங்கே எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?" கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பணம் பற்றியும் முதல் வாரமே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். நீங்கள் போகும் மருத்துவமனை அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்

கடலூர் வெயிலும் கடல்காற்றின் புழுக்கமும் சேர்ந்தால் குழந்தைக்கு வேர்த்து ஊற்றும். ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு எளிது. முதல் 10 கிலோ எடைக்கு 1 லிட்டர், அதற்கு மேல் 20 கிலோ வரை ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லி. 16 கிலோ குழந்தைக்கு 1,300 மில்லி ஆகிறது. பால், மோர், ரசம், இளநீர் எல்லாம் இதில் அடங்கும். உங்கள் குழந்தைக்கு இதைவிடக் கூட வேண்டுமா என்று டாக்டரிடம் எண்ணாகவே கேளுங்கள், 'நிறையக் குடிக்கட்டும்' என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

நாங்கள் காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய நீரை ஊற்றிக் கோடு போட்டுவிடுவோம். பள்ளி விட்டு வரும்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்போம். சிறுநீர் இளமஞ்சளாக இருக்கிறதா என்று அவளையே பார்த்துச் சொல்லப் பழக்கினோம். ராத்திரி படுக்கும் முன் அரை டம்ளர் கட்டாயம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மற்றக் குழந்தைகளுக்குப் போல ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். குடிப்பது வயிற்றில் தங்கவில்லை என்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

அழுகை

இதுதான் வீட்டில் கஷ்டமான பகுதி. அழக் கூடாது என்றால் கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டுமா? முதல் ஆறு மாதம் அப்படித்தான் கொடுத்தோம். அவள் உதட்டைப் பிதுக்கினாலே வீடே நடுங்கும். தம்பிக்கு அப்போது மூன்று வயது. "அக்கா கேட்டா மட்டும் குடுக்கறீங்க" என்று அவன் ஒரு மூலையில் அழுதுகொண்டிருப்பான். என் மாமியாருக்கு வேறு கவலை. "குழந்தைன்னா அழத்தான் செய்யும், நுரையீரல் விரியும்" என்பார். "இல்ல அத்தை, இவளுக்கு மூச்சு வாங்குனா மூளைக்கு ரத்தம் போகாது" என்று நான் பத்து முறை சொன்னேன். கேட்கவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் அவளைச் சீண்டி அழவைக்க விடாமல் காவல் நிற்பது அவர்தான். வீட்டில் பெரியவர்கள் ஒத்துவரவில்லை என்றால் சண்டை போடாதீர்கள், ஒருமுறை ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள்.

அழாமல் வளர்ப்பது முடியாது. அழுகை விம்மலாக ஏறுவதற்கு முன் பிடிப்பதுதான் முடியும். 'வேண்டாம்' என்பதைக் கடைக்குள் போய்ச் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடுகிறோம். விதி இருவருக்கும் ஒன்றுதான். அழ ஆரம்பித்துவிட்டால் நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொள்வேன். எங்கள் வீட்டு வாசலில் மல்லிகைக் கொடி இருக்கிறது. ஒரு பூவைக் கையில் வைத்து, "மெதுவா மோந்து பாரு, வாசனை போயிடப் போகுது" என்பேன். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது மூச்சு தானாக நிதானப்படும். பூ இல்லாத நாளில் என் புடவை முந்தானை. எங்களுக்கு அது போதும், உங்கள் குழந்தைக்கு எது பிடிக்குமோ அதைக் கண்டுபிடியுங்கள்.

ஊதுவதையும் நிறுத்த வேண்டும். பலூன், விசில், புல்லாங்குழல், பிறந்தநாள் மெழுகுவத்தி. எங்கள் ஊர்க் கடற்கரையான சில்வர் பீச்சில் விற்கும் சோப்பு நுரைக் குழாயைப் பார்த்ததும் ஓடுவாள், நாங்கள் கையால் வீசினாலே நுரை வரும் பெரிய வளையத்தை வாங்கிக் கொடுத்தோம். கஞ்சி, நூடுல்ஸ் எதையும் ஊதி ஊதிச் சாப்பிடாமல், அகலத் தட்டில் ஆறவைத்தே கொடுங்கள். காதுகுத்து, மொட்டை எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது.

ஊசிக்கு ஒரு வழி உண்டு. ரத்தம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தோலில் தடவும் மரப்புக் கிரீம் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனைக்கும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்தும் தடுப்பூசியும்

பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். அளவு எடையைப் பொறுத்தது, எடை கூடினால் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மேல்பூச்சுள்ள மாத்திரையை உடைக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம் போனால் உடனே சொல்லுங்கள். பல் பிடுங்கும் முன் பல் டாக்டருக்கும் தெரிய வேண்டும்.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் ரேஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு. கல்லீரலையும் மூளையையும் தாக்கும். அதனால் வருடம் ஒருமுறை ஃப்ளூ ஊசி போடுகிறோம். சின்னம்மை ஊசி போட்ட பிறகு ஆறு வாரம் ஆஸ்பிரின் கூடாது என்பது விதி, எனவே அந்த ஊசியை நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே போன் செய்யுங்கள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குப் பார்க்கப் போவதும் வேண்டாம்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் வலிக்கும் தரும் இன்னொரு மருந்தான ஐபுப்ரொஃபென் ஆஸ்பிரினோடு ஒத்துப்போகாது. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிரப், மூக்கடைப்புச் சொட்டு மருந்து இவற்றில் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்துகள் இருக்கலாம். சீட்டு இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள்.

ஸ்கேனும் ஆபரேஷனும்

சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துத்தான் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தையை மதியம் பன்னிரண்டு வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உட்காரவைத்துவிடுவார்கள். காலை முதல் ஆளாக எடுக்கக் கேளுங்கள். தெளிந்த தண்ணீர் வழக்கமாக மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன் வரை தரலாம், உங்கள் மயக்க டாக்டர் சொல்லும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடியுங்கள். தள்ளிப்போனால் டிரிப்ஸ் போடச் சொல்லுங்கள்.

சுருங்கும் குழாயை விரிக்க மருந்து இல்லை. ஆபரேஷன் செய்வது புது வழி போட. காதுக்கு முன்னால் தலைத்தோலில் ஓடும் தமனியை எடுத்து மூளையின் மேற்பரப்பில் படிய வைக்கிறார்கள். அதிலிருந்து புதுக் குழாய்கள் மெல்ல முளைத்து உள்ளே இறங்கும். குழந்தைகளிடம் இது நன்றாக வளர்கிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே தையல் பிரித்த மறுநாளே நோய் போய்விட்டதாக நினைத்துத் தண்ணீர் பாட்டிலை ஓரமாக வைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரியே டிரிப்ஸ் போடுவார்களா, கண் விழித்ததும் வலி தெரியாமல் இருக்க என்ன தருவார்கள், இந்த இரண்டையும் முன்பே பேசுங்கள். ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

பிறகு ஒரு கவனம்: அந்தத் தமனி ஓடும் இடத்தை எதுவும் அழுத்தக் கூடாது. இறுக்கமான ஹேர்பேண்டு, ஸ்கார்ஃப், கண்ணாடிக் காம்பு எதுவானாலும். என் மகளுக்குத் தலைவாரும்போது தழும்புக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். தினமும் ஒரு நொடி வைத்துப் பார்ப்பேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு, "ஓடுதாம்மா?" என்று கேட்பாள்.

பள்ளிக்கூடம்

வகுப்பாசிரியை, பி.டி. சார், வேன் டிரைவர் மூன்று பேரிடமும் நேரில் பேசுங்கள். பாடவேளை நடுவிலும் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் விட வேண்டும். வெயிலில் அசெம்ப்ளியில் நிற்க வேண்டாம், ஓட்டப்பந்தயம் டாக்டர் சொன்னால்தான். எழுதும் கை சோர்ந்தால் திட்டாமல் உங்களைக் கூப்பிட வேண்டும். பலவீனம் நிலைத்துவிட்ட குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க அது உதவும். பிசியோதெரபியைப் பாதியில் விடாதீர்கள்.

புயல் பை

நம் கரையில் இருப்பவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை, மெடிக்கல் கடை இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது என் மகளுக்கான டாக்டர் கடிதமும் மாத்திரையும் மாடி அலமாரியில் தயாராக இருந்தன. அக்டோபர் பிறந்ததும் ஒரு பை கட்டிவிடுகிறோம்: பதினைந்து நாள் மருந்து, ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், தெர்மாமீட்டர், ஸ்கேன் சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், டாக்டர் கடிதம், காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு இரண்டு கேன். தெருவில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் அது ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் குழந்தையோடு போய்விடுங்கள். கோரிமேட்டில் எங்கள் சித்தி வீட்டில் அவளுக்கு என்று ஒரு பாய், தலையணை, கோடு போட்ட ஒரு பாட்டில் இப்போதும் இருக்கிறது.